ஆன்டிபயாடிக் போட்டால் ரத்தம் நிற்குமா?

புராஸ்டேட் அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று மட்டும் ஆளுக்கு ஆள் மாறவே மாறாது. "சிஸ்டர், ஆன்டிபயாடிக் ஊசி போட்டாச்சுல்ல, அப்புறம் ஏன் இன்னும் ரத்தம் வருது?" படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே கிடையாது. கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கும் பையில் சிவப்பாக இறங்குவதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் மனிதருக்கு, ரத்தமும் தொற்றும் ஒரே ஆபத்தின் இரண்டு பெயர்களாகத்தான் தெரியும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மருந்து இருக்கும் என்று நம்புவதும் இயல்புதான்.

அப்படி ஒரு மருந்து இல்லை. ஆன்டிபயாடிக் கிருமியைக் கொல்லும், அல்லது பெருகவிடாமல் தடுக்கும். ரத்தக்குழாயை அது அடைக்காது. அதற்காக இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சில இடங்களில் ஒன்று இன்னொன்றைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடும். யூராலஜி வார்டில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், நோயாளிகள் பயப்படும் இடம் வேறு, கவனிக்க வேண்டிய இடம் வேறு.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன். புற்றுநோய்க்காகப் புராஸ்டேட்டை முழுதாக அகற்றுவது தனிக் கதை. நான் பேசுவது, வயதானபின் சுரப்பி பருத்துச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும்போது, அடைக்கும் பகுதியை மட்டும் எடுப்பதைப் பற்றி. வார்டில் இதை 'டர்ப்' என்போம். சிறுநீர் வரும் வழியாகவே கருவியை உள்ளே விட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சுரப்பியின் உட்புறத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகச் சீவி எடுப்பார்கள். லேசரில் செய்வதும் உண்டு. வெளியில் வெட்டும் இல்லை, தையலும் இல்லை. அதனாலேயே வீட்டில் இருப்பவர்கள் "சின்ன ஆபரேஷன்தானே" என்று நினைத்துவிடுகிறார்கள்.

உள்ளே இருக்கும் புண் அவ்வளவு சின்னது அல்ல. தோலை வெட்டினால் விளிம்புகளைச் சேர்த்துத் தைக்கலாம், மேலே கட்டுப் போடலாம். இந்தப் புண்ணைத் திறந்தபடியேதான் விட்டாக வேண்டும். அதன் மேல் இரவும் பகலும் சிறுநீர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்பக்கம் புதுப் படலம் வளர்ந்து முழுக்க மூடுவதற்கு 6 முதல் 12 வாரம் வரை ஆகும். அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் சிவந்துதான் இருக்கும்.

தொற்று என்றதும் பலர் மனதில் ஓடும் முதல் எண்ணம், தியேட்டரில் சுத்தம் போதவில்லை என்பது. பெரும்பாலும் கிருமி நோயாளியின் உடம்பிலேயே இருந்ததுதான். சுரப்பி அடைத்துக்கொண்டிருந்தால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாது. தேங்கிய சிறுநீரில் ஈ கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற குடல் கிருமிகள் சத்தமில்லாமல் குடியிருக்கும். எரிச்சலும் இருக்காது, காய்ச்சலும் இருக்காது. சீவும்போது சின்ன ரத்தநாளங்கள் திறந்துகொள்கின்றன. பார்வை தெளிவாக இருக்க உள்ளே தொடர்ந்து திரவம் பாய்ச்சுகிறார்கள். அந்த அழுத்தத்தில் திரவத்தில் கொஞ்சம் திறந்த நாளங்களுக்குள் போகும். கிருமி இருந்தால் அதுவும் கூடவே ரத்தத்துக்குள் போகும். சில மணி நேரத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போடும் நடுக்கம், காய்ச்சல், ரத்த அழுத்தம் சரிவது. செப்சிஸ் என்று நாங்கள் பயப்படுவது இதைத்தான்.

இதைப் புரிந்துகொண்டால் ஆன்டிபயாடிக்கின் நேரம் எது என்பதும் புரிந்துவிடும். கிருமி ரத்தத்துக்குள் நுழையும் நிமிடத்தில் மருந்து ஏற்கனவே அங்கே இருக்க வேண்டும். அதனால்தான் அறுவை சிகிச்சை தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்பது விதி. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளோரோகுயினலோன் வகையும் வான்கோமைசினும் மெதுவாக ஏற்ற வேண்டியவை என்பதால் அவற்றுக்கு 2 மணி நேரம் வரை அவகாசம். முந்தின நாள் இரவே போட்டு வைப்பதாலோ, எல்லாம் முடிந்து வார்டுக்கு வந்தபின் போடுவதாலோ அதே பலன் கிடைக்காது.

பலன் சின்னதும் அல்ல. 2002இல் பெரி, பாரட் என்ற இருவர் 32 ஆய்வுகளைச் சேர்த்து அலசி, சிறுநீரகவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். முன்தடுப்பாக ஆன்டிபயாடிக் கொடுக்காதவர்களில் 26 சதவீதம் பேருக்கு டர்ப் முடிந்தபின் சிறுநீரில் கிருமி வந்தது. கொடுத்தவர்களில் அது 9.1 சதவீதம். கிருமி ரத்தத்தில் பரவி நோயாக வெளிப்பட்டது 4.4 சதவீதத்திலிருந்து 0.7 சதவீதமாக இறங்கியது. ஒரு ஊசியால் இவ்வளவு கிடைக்கிறது என்றால் அது நல்ல வியாபாரம்தான்.

ஆனால் எந்த ஊசி? இங்கேதான் பலர் அலட்சியமாக விட்டுவிடும் ஒரு பரிசோதனை வருகிறது. யூரின் கல்ச்சர். சாதாரண யூரின் டெஸ்ட் அன்றைக்கே வந்துவிடும். கல்ச்சரில் கிருமியை வளரவிட்டு, எந்த மருந்துக்கு அது அடங்குகிறது, எதற்கு அடங்கவில்லை என்று பார்க்க வேண்டும், அதனால் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் கொடுத்தால் ரிசல்ட் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். "கல்ச்சர் எடுத்தாச்சா, ரிசல்ட் வந்துடுச்சா?" என்று தேதி குறிக்கும்போதே கேட்டு வைப்பது, பிற்பாடு கேட்கும் எந்தக் கேள்வியைவிடவும் உபயோகமானது. கிருமி இருப்பது தெரிந்தால் அதற்கேற்ற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்கள். தொந்தரவே இல்லாமல் சிறுநீரில் கிருமி மட்டும் இருக்கிறவர்களுக்கு, இந்த மாதிரி சிகிச்சைக்கு முன்பு ஒன்றிரண்டு டோஸ் போதும், நீண்ட கோர்ஸ் வேண்டாம் என்று அமெரிக்கத் தொற்றுநோய்ச் சங்கம் 2019இல் வழிகாட்டியது.

ஏற்கனவே சிறுநீர் அடைத்துக்கொண்டு, கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சைக்காகக் காத்திருக்கிறவர்கள் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம் வரை கூடுகிறது. ஒரு மாதம் ஆனால் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். குழாயின் உட்சுவரில் வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்கி அதற்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். மருந்து அங்கே சரியாக எட்டாது. அதனால் கதீட்டரோடு வருகிறவர் "எனக்குக் காய்ச்சலே இல்லையே" என்று சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் மாத்திரைகள்? பெரும்பாலான வழிகாட்டுதல்கள் முன்தடுப்பு மருந்தை 24 மணி நேரத்துக்குள் நிறுத்தச் சொல்கின்றன. நடைமுறையில் பல மருத்துவர்கள் சில நாட்களுக்கு எழுதித் தருகிறார்கள். சிலருக்கு நியாயமான காரணம் இருக்கும்: முன்பே தொற்று இருந்தது, சர்க்கரை கட்டுக்குள் இல்லை, கதீட்டர் இன்னும் எடுக்கவில்லை. அப்படி எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் எந்தக் காரணமும் இல்லாமல், 'இருக்கட்டும், ஒரு பாதுகாப்புக்கு' என்று நீளும் கோர்ஸ் எனக்குப் பிடிக்காது. "எதுக்கு டாக்டர், எத்தனை நாளைக்கு?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

வயிற்றுப்போக்கும், அடுத்த முறை மருந்து வேலை செய்யாமல் போவதும் எல்லோரும் கேள்விப்பட்டவை. அதிகம் பேசப்படாத ஒன்று, ஃப்ளோரோகுயினலோன் வகை மருந்துகளால் தசைநாண் அழற்சியும் அறுந்துபோவதும் நேரலாம் என்பது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008லேயே கட்டம் கட்டிப் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கையாக இதைச் சேர்த்தது. ஆபத்து கூடுதலாக இருப்பவர்கள் 60 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டு எடுக்கிறவர்கள். புராஸ்டேட் வார்டில் 60 வயதைத் தாண்டாதவர் யார்? அந்த மாத்திரை சாப்பிடும்போது குதிகாலுக்கு மேலே புதிதாக வலி வந்தால், நடந்து பார்த்துச் சரிசெய்துகொள்ள முயலாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். 2018 டிசம்பரில் அதே அமைப்பு, மகாதமனி வீக்கம் இருப்பவர்களுக்கு இந்த வகையை, வேறு வழியில்லாத நிலையில் தவிரக் கொடுக்க வேண்டாம் என்றும் எச்சரித்தது.

இனி ரத்தம்.

ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்தவர்களை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கும். தொற்று சிறுநீர்ப் பாதையிலிருந்து விரை வரை இறங்கிவிடாமல் இருக்க, விந்துக் குழாயையும் சேர்த்துக் கட்டிவிடுவது அப்போது சகஜம். ரத்தத்தை நிறுத்தப் பஞ்சுத் துணியை உள்ளே திணித்து வைத்தார்கள். இன்று உலகம் முழுக்க எல்லா வார்டுகளிலும் இருக்கும் பலூன் கதீட்டரை, அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர் ஃபிரெடரிக் ஃபோலி 1937இல் கட்டுரையாக எழுதி விவரித்தபோது, புராஸ்டேட்டைச் சீவியபின் வரும் ரத்தப்போக்கை அடக்குவதற்கான கருவியாகத்தான் சொன்னார். பலூனை ஊதிச் சிறுநீர்ப்பையின் கழுத்தில் அழுத்தினால் ரத்தம் குறையும். இன்றும் ரத்தம் கூடினால் சில மருத்துவர்கள் கதீட்டரை லேசாக இழுத்துத் தொடையில் ஒட்டி வைப்பது அதே உத்திதான். நோயாளிக்கு உடனே சிறுநீர் கழிக்க வேண்டும் போல முட்டும். "ஐயா, அது பலூன் அழுத்துறது, முக்காதீங்க" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

சீவிய இடத்தில் ரத்தநாளங்களை மின்சாரத்தால் சுட்டு மூடியிருப்பார்கள். முழுக்க மூடாது. அதனால் மூன்று வாய் உள்ள கதீட்டர் போட்டு, ஒரு வழியாகச் சலைனை விட்டுக்கொண்டே இருப்போம். இன்னொரு வழியாக அது ரத்தத்தோடு கலந்து வெளியே வரும். மூன்றாவது பலூனுக்கு. இந்தச் சலைன் ரத்தத்தை நிறுத்துவதற்காக அல்ல, வந்த ரத்தம் உறைந்து கட்டியாகிக் குழாயை அடைக்காமல் இருப்பதற்காக. கட்டி அடைத்தால் சிறுநீர்ப்பை உப்பும், உப்பினால் மூடிய நாளங்கள் இழுபட்டுத் திறக்கும், இன்னும் ரத்தம் வரும். இந்தச் சுழலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் நாள் இரவில் எங்கள் முக்கிய வேலை. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, நிறம் வெளிறுகிறதா அடர்த்தியாகிறதா என்று குறித்துக்கொண்டே இருப்போம்.

நிறத்தைப் பார்த்து மிரள்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு லிட்டர் சிறுநீரில் ஒரு மில்லி ரத்தம் கலந்தாலே கண்ணுக்கு நிறம் தெரியும். பார்க்க பயங்கரமாகவும் கணக்கில் சொற்பமாகவும் இருக்கும். இளஞ்சிவப்பாக, பின்னால் இருப்பது ஊடுருவித் தெரியும்படி இருந்தால் கவலையில்லை. கெட்டியாக, கட்டி கட்டியாக வந்தால்தான் பேச்சே மாறும்.

இன்னொரு விசித்திரம், சிறுநீரே ரத்த உறைவைக் கரைக்கும். யூரோகைனேஸ் என்ற நொதி அதில் இருக்கிறது. அதன் பெயரே சிறுநீரில் கண்டுபிடிக்கப்பட்டதால் வந்தது. கையில் பட்ட வெட்டில் உறைந்த ரத்தம் அப்படியே நின்றுவிடுகிறது. இங்கே உறைந்ததைச் சிறுநீர் மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டிருக்கும். ரத்தத்தை நிறுத்த மருந்து என்று ஏதாவது இருக்கிறதென்றால், இந்தக் கரைப்பைத் தடுக்கும் டிரானெக்சாமிக் ஆசிட்டைத்தான் சொல்ல வேண்டும். ஜப்பானில் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1962இல் கண்டுபிடித்த மருந்து அது. புராஸ்டேட் சிகிச்சையில் ரத்த இழப்பைக் குறைக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். எல்லோருக்கும் ஒத்துவராது. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

ரத்தமும் தொற்றும் சந்திக்கும் முதல் இடம் அந்தக் குழாய்தான். கட்டி அடைத்துவிட்டால் பையைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சால் சலைனை அடித்து இழுத்துக் கட்டியை வெளியே எடுக்க வேண்டும். செய்யாமல் இருக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை இணைப்பைத் திறக்கும்போதும் கிருமி நுழைய ஒரு வாசல் திறக்கிறது. ரத்தத்தைச் சரியாகக் கையாண்டால் தொற்றும் குறையும் என்று நான் சொல்வது இதனால்தான். உறவினர்கள் உதவுவதாக நினைத்துப் பையைக் கழற்றுவது, நடக்கும்போது பையை இடுப்புக்கு மேலே தூக்கிப் பிடிப்பது, தரையில் போட்டு வைப்பது, இதெல்லாம் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும். அடியில் உள்ள குழாயைத் திறந்துதான் காலி செய்ய வேண்டும். கை கழுவிவிட்டு.

இரண்டாவது சந்திப்பு இன்னும் ஆபத்தானது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்களை அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் அடங்கியபின் திரும்ப ஆரம்பிக்கச் சொல்வார்கள். சரியாக அதே வாரத்தில் கையில் ஆன்டிபயாடிக் அட்டையும் இருக்கும். கோ-டிரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவை வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு எகிறும். அடங்கிய புண் மறுபடி கசியும். ரத்தத்தைத் தடுக்கும் என்று நினைத்துச் சாப்பிட்ட மாத்திரையே ரத்தத்தைக் கூட்டுவது இப்படித்தான். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் ஆன்டிபயாடிக் ஆரம்பித்த சில நாட்களுக்குள் ஐ.என்.ஆர். பார்த்தே ஆக வேண்டும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், ரத்தம் வருகிறதே என்று பயந்து தாங்களாக நிறுத்தவே கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது உயிர்ப் பிரச்சினை. எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை இதய மருத்துவரும் யூராலஜி மருத்துவரும் பேசி முடிவு செய்து, உங்களுக்கு எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையில் சொன்னால் மறந்துவிடும், அல்லது மாறிவிடும்.

மூன்றாவது சந்திப்பு, அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் வாரம். கதீட்டர் எடுத்தாயிற்று, வீட்டுக்கு வந்தாயிற்று, சிறுநீர் தெளிந்துவிட்டது, பல வருடமாக இல்லாத வேகத்தில் போகிறது. மனிதருக்கு இளமை திரும்பிய சந்தோஷம். அப்போது ஒரு நாள் திடீரென்று சிவப்பாக வரும். சுட்டு மூடிய இடத்தில் இருந்த பொருக்கு 10 முதல் 14 நாளுக்குள் உதிர்வதுதான் பெரும்பாலும் காரணம். கனமாக எதையாவது தூக்கியிருப்பார், மலச்சிக்கலில் முக்கியிருப்பார், ரத்தத்தை இளக்கும் மாத்திரையைத் திரும்பத் தொடங்கியிருப்பார். இவற்றோடு தொற்றும் சேர்ந்தால் புண் ஆறாமல் குழைந்து ரத்தம் வரும். 7 முதல் 14 நாளில் வரும் இந்த ரத்தப்போக்குக்கு அறுவை சிகிச்சைப் பாடப்புத்தகங்கள் தொற்றை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்வது பழைய வழக்கம். ஆன்டிபயாடிக்கால் ரத்தத்தைத் தடுக்க முடியும் என்று உரிமையோடு சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதுவும் கிருமி இருப்பது உறுதியானால்.

பொருக்கு உதிர்ந்து வரும் ரத்தம் பெரும்பாலும் படுத்து ஓய்வெடுத்து, தண்ணீர் நிறையக் குடித்தாலே ஓரிரு நாளில் தெளிந்துவிடும். (இதயம் பலவீனமானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.) மலம் இளக மருந்து தரச் சொல்லிக் கேட்பதற்குப் பல ஆண்களுக்குக் கூச்சம். என் அனுபவத்தில் இரண்டாம் வார ரத்தத்தைத் தடுப்பதில் அந்தச் சாதாரண மருந்து, விலையுயர்ந்த ஆன்டிபயாடிக்கைவிட அதிகம் உதவியிருக்கிறது. கனம் தூக்குவதையும் தாம்பத்திய உறவையும் 4 முதல் 6 வாரம் தள்ளிப்போடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் உண்டு. சிறுநீர் அடைத்துக்கொண்டு அடிவயிறு உப்பினால், கட்டி கட்டியாக வந்தால், ஓய்வெடுத்தும் நிறம் கெட்டியாகிக்கொண்டே போனால், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய காய்ச்சல் அல்லது நடுக்கம் வந்தால், அது நடு இரவாக இருந்தாலும் கிளம்பிவிட வேண்டும். பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருப்பது மிகத் தவறு. ரொம்ப வயதானவர்களுக்குக் காய்ச்சலே தெரியாமல், பேச்சு குழறுவதும் ஆள் அடையாளம் தெரியாமல் விழிப்பதும் மட்டுமே செப்சிஸின் அடையாளமாக வரலாம். வீட்டில் இருப்பவர்கள் அதை வயசுக் குழப்பம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

இதற்கு நேர்மாறாக, அவசரமே இல்லாத ஒன்றுக்கு ஓடி வருகிறவர்களும் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்து சில வாரத்தில் யாரோ சொன்னார்கள் என்று யூரின் டெஸ்ட் எடுப்பார்கள். 'பஸ் செல்ஸ்' (சீழ் அணுக்கள், அதாவது வெள்ளை அணுக்கள்) நிறைய என்று ரிப்போர்ட் வரும். எரிச்சலும் அடிக்கடி போவதும் ஏற்கனவே இருக்கும், அதனால் தொற்று என்று முடிவாகிவிடும். ஒரு ஆன்டிபயாடிக், அது கேட்கவில்லை என்று இன்னொன்று. உள்ளே ஆறிக்கொண்டிருக்கும் புண்ணிலிருந்து வெள்ளை அணுக்கள் சிறுநீரில் வந்துகொண்டுதான் இருக்கும். மூன்று மாதம் வரைகூட அப்படி வரலாம், கிருமி ஒன்றுகூட இல்லாமலே. எரிச்சலும் அந்தப் புண்ணாலேயே இருக்கலாம். அந்த ரிப்போர்ட்டோடு யாராவது மாத்திரை எழுதப் போனால், முதலில் கல்ச்சர் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அதில் எதுவும் வளரவில்லை என்றால், காய்ச்சலும் இல்லை என்றால், அந்தப் புண்ணுக்குத் தேவைப்படுவது இன்னும் சில வாரம் மட்டும்தான்.